கப்பலேறிய பெயர்கள்

(புதுச்சேரியில் வாசகர் வட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேற்று மொழிக்காரர்களுக்காக நம் பெயர்களை மாற்றிக்கொள்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பை வைத்துக்கொண்டு உலகத்தையே ஒரு சுற்று வரலாம். எனக்கு அவ்வளவு ஆசை இல்லை. இந்தக் கடற்கரையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கப்பலேறிப் போனவர்களின் பெயர்களுக்குப் பின்னாலேயே பெரும்பாலும் நடக்கப் போகிறேன். நடுவில் கொஞ்சம் வழி விலகினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பழைய பத்திரங்களிலும் கல்லறைகளிலும் 'முத்து' என்ற பெயரை எம், ஓ, யு, டி, ஓ, யு என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் அதை 'மௌடௌ' என்று வாசித்துச் சிரிக்கிறார்கள். சிரிக்க அதில் ஒன்றுமில்லை. பிரெஞ்சில் யு என்ற எழுத்துக்கு நம் 'உ' ஒலி கிடையாது. உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான் அந்த எழுத்தின் ஒலி. 'உ' வேண்டுமென்றால் ஓ-வையும் யு-வையும் சேர்த்தே எழுதியாக வேண்டும். ராமசாமிக்கு இரண்டு எஸ் போட்டதற்கும் காரணம் உண்டு. இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றை எஸ் நின்றால் பிரெஞ்சுக்காரர் அதை இஸட் போல உச்சரித்துவிடுவார். லட்சுமணனில் வரும் 'ச்' ஒலிக்கு டி, சி, எச் என்று மூன்று எழுத்து செலவழித்திருக்கிறார்கள். சி-யும் எச்-சும் மட்டும் போட்டால் அது 'ஷ' ஆகிவிடும். இதையெல்லாம் எழுதியவர்கள் தமிழ் இலக்கணம் படித்த அறிஞர்கள் அல்லர். துறைமுகத்திலும் தீவுகளின் நகராட்சி அலுவலகங்களிலும் நாளெல்லாம் பேர் எழுதிக் கை வலித்த எழுத்தர்கள். ஆனால் காது நன்றாக இருந்திருக்கிறது.

எவ்வளவு நன்றாக என்பதற்கு ஒரு சான்று: 'பிள்ளை' என்பதை அவர்கள் 'புள்ளே' என்று எழுதினார்கள். நம் ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சு எழுத்துகளில் ரங்கபுள்ளே. ரெயூனியன் தீவின் முக்கிய அரசியல்வாதிகளில் ஒருவரான ழான்-போல் விராபுள்ளே பெயரிலும் அதே புள்ளேதான். தமிழ் தெரியாதவன் கெடுத்துவிட்டான் என்று நாம் அவசரப்படுகிறோம். நம் வீட்டில் நாம் என்ன சொல்கிறோம்? 'புள்ள' என்றுதானே சொல்கிறோம். எழுத்தர் ஏட்டைப் பார்த்து எழுதவில்லை, எதிரே நின்றவர் வாயைப் பார்த்து எழுதியிருக்கிறார். பெருமாள் அங்கே 'பெர்மால்' ஆனதும் அப்படித்தான். வேகமாகப் பேசும்போது அந்த உகரத்தை நாமும் விழுங்கிவிடுகிறோம்.

இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. வேலாயுதம், வைத்திலிங்கம், சிதம்பரம் ஆகிய பெயர்கள் குவாதலூப் தீவில் 'ஓம்' என்று முடிகின்றன: வேலாயுதோம், வைத்திலிங்கோம், சிதம்பரோம். வீரப்பன், நாகப்பன், முனியப்பன் ஆகியோர் 'இன்' என்று முடிகிறார்கள்: விராபின், நாகாபின், முனியாபின். தமிழ்நாட்டிலிருந்து போகும் யாத்திரிகர்கள் இதைப் பார்த்து நெஞ்சு பதைக்கிறார்கள். கொஞ்சம் நிதானமாக யோசிப்போம். பேச்சுத் தமிழில் 'மரம்' என்ற சொல்லின் ஈற்றில் மகரம் வாய் மூடி ஒலிப்பதில்லை. ஒகரம் மூக்கு வழியாகப் போய் நிற்கிறது. 'அவன்' என்பதன் ஈற்றில் நாக்கு அண்ணத்தைத் தொடுவதில்லை. மூக்கில் கரைகிற ஓர் எகரம்தான் மிஞ்சுகிறது. பிரெஞ்சில் ஓ-எம் என்ற ஈறும் ஐ-என் என்ற ஈறும் ஒலிப்பது ஏறக்குறைய அந்த இரண்டு மூக்கொலிகளாகத்தான். ஆங்கிலக் காதுக்கு அவை பழக்கமில்லாதவை. பிரெஞ்சுக் காதுக்கு அவை சொந்த வீட்டுச் சரக்கு. ஆகவே இன்று குவாதலூப்பில் ஒருவர் தன் பெயரை பிரெஞ்சு முறையில் 'விராபெ...' என்று மூக்கில் முடிக்கும்போது, கப்பல் ஏறிய தன் பாட்டனாரின் பேச்சுக்கு அவர் நம்மைவிட அருகில் நிற்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நாம் 'வீரப்பன்' என்று னகரத்தை அழுத்தித் திருத்தப் போனால், திருத்தப்பட வேண்டியவர் நாம்தான்.

பெயர் வேற்று நாவில் மாறுவதை ஓர் அநியாயமாக நான் பார்க்காததற்கு இன்னொரு காரணம், அந்தத் தொழிலில் நாமே பழைய கைகள். வடமொழிச் சொல் தமிழுக்குள் வரும்போது அதன் எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தை அணிந்துகொள்ள வேண்டும் என்று தொல்காப்பியம் விதி வகுத்திருக்கிறது. லட்சுமணனை இலக்குவன் என்றும் விபீஷணனை வீடணன் என்றும் கம்பர் எழுதியதை யாரும் சிதைவு என்று சொல்வதில்லை. ஷெய்கு அப்துல் காதர் மரைக்காயர் என்ற கீழக்கரை வள்ளலைச் சீதக்காதி என்று இன்று வரை அன்போடு சொல்கிறோம்.

கத்தோலிக்கர்கள் இன்னும் சுவையாகச் செய்தார்கள். சிலரை ஒலியால் மாற்றினார்கள்: போர்த்துகீசிய சந்தியாகோ சந்தியாகப்பர் ஆனார், சேவியர் சவேரியார் ஆனார். சிலரைப் பொருளால் மாற்றினார்கள். பவுலின் லத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள், அதனால் சின்னப்பர். ஸ்தேவான் என்ற கிரேக்கப் பெயருக்கு முடி என்று பொருள், அதனால் முடியப்பர். யோவானின் எபிரேயப் பெயரில் கடவுளின் அருள் இருக்கிறது, அதனால் அருளப்பர். இராயப்பர் என்றால் பேதுரு. சென்னை மயிலைப் பேராயராக இருந்த இராயப்பா அருளப்பாவின் பெயரை அப்படியே ஐரோப்பாவுக்குத் திருப்பி அனுப்பினால் பீட்டர் ஜான் ஆகிவிடும். அவ்வளவு சாதாரணமான பெயர்! 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் ஒத்துப்போவதற்காக யோவான், பேதுரு, பவுல் என்றே போட்டார்கள். அதன் நியாயம் புரிகிறது. ஆனாலும் சின்னப்பர் கோவிலுக்குப் போகிறவர்கள் இன்னும் சின்னப்பர் கோவிலுக்குத்தான் போகிறார்கள்.

வந்தவர்கள் தாமாகவே மாற்றிக்கொண்டதும் உண்டு. சீனத்துக்குப் போன பாதிரியார் மத்தேயோ ரிச்சி, அந்நாட்டு வழக்கப்படி குடும்பப் பெயரை ஓரசையாக முன்னால் வைத்து, ரகரத்தை லகரமாக்கி, லி மாதோ ஆனார். 1610-இல் பெய்ஜிங்கில் இறந்தபோதும் அந்தப் பெயர்தான். நம்மிடம் வந்த பெஸ்கியின் முதற்பெயர் கொன்ஸ்தான்சோ, அசையாத உறுதி உடையவர் என்று பொருள். அவர் தைரியநாதர் ஆனார், பின்பு வீரமாமுனிவர் ஆனார். அவருடைய நடுப்பெயர் ஜுசெப்பே, அதாவது சூசை. தேம்பாவணியில் அந்தச் சூசைக்கு அவர் வைத்த பெயர் வளன். பெருகுவது என்னும் எபிரேயப் பொருளைத் தமிழில் பிடித்துவிட்டார். சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எல்லிஸ் துரை 1818-இல் இராயப்பேட்டைக் கிணற்றுக் கல்வெட்டில் எல்லீசன் என்று தன்னைப் பொறித்துக்கொண்டார். ஈசன் அதில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டதைக் கண்டு அவர் மகிழ்ந்திருக்க வேண்டும்.

இவர்களுக்கும் கப்பலேறிய முத்துசாமிக்கும் உள்ள வேறுபாடு ஒலியில் இல்லை. ரிச்சியும் பெஸ்கியும் தம் பெயரைத் தாமே மாற்றினார்கள், பழைய பெயரும் அவர்கள் பையில் பத்திரமாக இருந்தது. முத்துசாமிக்கு அந்த வசதி இல்லை. அவர் பெயரை ஒரு பதிவேடு கேட்டது. பதிவேட்டுக்குக் காது கிடையாது, கட்டங்கள்தான் உண்டு.

அந்தக் கட்டங்களைப் பார்ப்போம். அடிமை முறை 1848-இல் ஒழிந்தபின் பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. மார்த்தினிக்குக்கு முதல் இந்தியர்களை ஏற்றிப்போன கப்பல் ஒரேலி. 1853 மே மாதம் கரை சேர்ந்தது. அதே கப்பல் அடுத்த ஆண்டு டிசம்பரில் குவாதலூப்புக்குப் போனது. ரெயூனியனுக்கு அதற்கு முன்பிருந்தே போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்களில் பலருக்கு ஒரே ஒரு பெயர். அப்பா பெயரைக் கேட்டால் அப்பா பெயரைச் சொல்வார்கள், அதுவும் ஒரே பெயர். மகன் பெயர் வேறு, பேரன் பெயர் வேறு. ஒவ்வொரு தலைமுறையும் புதுப் பெயர் வைத்துக்கொள்வதுதான் நம் வழக்கம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தாலும் அது மரியாதைக்காகத்தான், சட்டத்துக்காக அல்ல.

பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு இது பிடிபடாது. அதற்கு வேண்டியது தலைமுறை தலைமுறையாக மாறாத ஒரு குடும்பப் பெயரும், அதற்கு முன்னால் ஒரு முதற்பெயரும். ஆகவே ஏதோ ஒரு நாளில் ஏட்டில் ஏறிய ஒரு தனி மனிதனின் பெயர் அவன் வம்சம் முழுவதற்கும் பெயராக உறைந்துவிட்டது. குவாதலூப்பிலிருந்து 1981 முதல் 2002 வரை பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் எர்னெஸ்ட் முத்துசாமி. அவர் முத்துசாமியாகப் பிறந்தவர், அவர் வீட்டுப் பெண்களும் முத்துசாமிகளே. ரெயூனியனில் மீனாட்சி ஒரு குடும்பப் பெயர். மீசை வைத்த மீனாட்சிகள் அங்கே சாதாரணம். கோயிலில் தாலி கட்டினாலும் நகராட்சியில் பதியாத திருமணத்தைச் சட்டம் திருமணமாக ஏற்காது. தந்தை தனியே வந்து பிள்ளையைத் தன்னுடையதென்று ஒப்புக்கொண்டு பதியாவிட்டால் குழந்தைக்குத் தாயின் பெயர்தான். பெண்பெயர்கள் வம்சப் பெயர்களான வழி அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஊர் பேர் தெரியாத எத்தனையோ மீனாட்சிகளும் முத்தம்மாக்களும் அந்தச் சட்டத்தின் கோணலால் தம் பெயரை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைநிறுத்திவிட்டார்கள். இங்கேயே இருந்திருந்தால் கொள்ளுப் பேரனுக்குக்கூட அவர்கள் பெயர் தெரிந்திருக்காது.

குடும்பப் பெயராவது ஒரு விபத்தால் தமிழாக இருந்தது. முதற்பெயருக்கு அதுவும் இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஆளாளுக்கு விருப்பப்படி பேர் வைத்ததைப் பார்த்து அரண்ட அரசு, 1803-இல் ஒரு சட்டம் போட்டது. நாட்காட்டியில் உள்ள பெயர்களும் பண்டைய வரலாற்றில் அறியப்பட்டவர்களின் பெயர்களும் மட்டுமே குழந்தைக்கு வைக்கலாம். பாரிஸ்காரர்களின் விசித்திரங்களைக் கட்டுப்படுத்த வந்த சட்டம், பல்லாயிரம் மைல் தள்ளி ஒரு தோட்டக் குடிசையில் பிறந்த குழந்தைக்குச் செல்வி என்றோ குமரன் என்றோ வைக்க முடியாமல் செய்தது. நாட்காட்டி என்றால் புனிதர்களின் திருநாட்களைக் குறித்த நாட்காட்டி. எனவே ஏட்டில் மரி, ழோசெஃப், ஃபிரான்சுவா என்று எழுதினார்கள். வீட்டிலும் கோயிலிலும் இன்னொரு பெயர். இரண்டு பெயரோடு வாழ்வதை அங்கே 'மலபார்' என்று அழைக்கப்படும் நம் மக்கள் பழகிக்கொண்டார்கள். 1966-இல் கொஞ்சம் தளர்வு வந்தது. பெற்றோர் விரும்பும் பெயரைப் பதிவாளர் எழுதியே ஆக வேண்டும் என்ற நிலை 1993 ஜனவரியில் வந்த சட்டத்தால்தான் உருவானது. நூற்றித் தொண்ணூறு ஆண்டுகள்! மூக்கொலியை யார் எப்படி எழுதினார்கள் என்பதற்காக வருந்துகிறவர்கள் இந்தக் கணக்குக்காக வருந்தலாம்.

இங்கேயே, புதுச்சேரியிலேயே, கட்டத்தைத் தாமாக விரும்பி நிரப்பியவர்களும் இருந்தார்கள். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, தம் பழைய தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ரெனோன்சான் என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறோமே, அவர்கள் இவர்கள்தாம். அவர்களுக்குத் தலைவராக நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி. ஐரோப்பிய மாதிரிக் காலணியோடு நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தடுக்கப்பட்டு, 1873-இல் பாரிஸ் உயர்மன்றம் வரை போய் வென்ற மனிதர். அவர் தேர்ந்துகொண்ட குடும்பப் பெயர் லாபோர்த், அதாவது கதவு. தன் பிள்ளைகளுக்கும் தன் பின்னால் வருகிறவர்களுக்கும் எதைத் திறக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. அவருடைய முடிவை ஏற்காதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். சாதியைச் சொல்லும் ஒட்டு இல்லாத ஒரு பெயரை எடுத்துக்கொள்ள அந்த ஆணை வழி விட்டது என்பதையும் மறக்கக்கூடாது.

குவாதலூப்பில் இதற்கு நேரெதிரான ஒரு கதை. 1863-இல் அங்கே பிறந்த ஹென்றி சிதம்பரோம், இந்தியத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பிரெஞ்சுக் குடிமக்களே, அவர்களுக்கு வாக்குரிமை உண்டு என்று 1904-இல் போராட்டம் தொடங்கினார். 1923 வரை விடவில்லை, வென்றார். பிரான்சின் சமஉரிமை கேட்டுப் போராடியவர் தன் மனுக்களின் அடியில் ஒவ்வொரு முறையும் தில்லையின் பெயரைக் கையெழுத்திட்டார். பெயரை மாற்றினால்தான் வழி கிடைக்கும் என்பது ஒரு வாதம், மாற்றாமலும் கிடைக்கும் என்பது இன்னொரு வாதம். ஒரே சட்டத்தின் கீழ், இரண்டு கடல்களின் கரையில், இரண்டுமே வென்றிருக்கின்றன.

காதால் கேட்டு எழுதினால் குழப்பம் வரும், எழுத்துக்கு எழுத்து அட்டவணை போட்டு விஞ்ஞான முறையில் மாற்ற வேண்டும் என்று சொல்கிற நண்பர்கள் இந்த அவையிலும் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு வழக்கு. ஜெர்மனியில் ஆல்டன்ஸ்டைக் என்ற சிற்றூரில் கிறிஸ்தோஸ் கொன்ஸ்தாந்தினிதிஸ் என்ற கிரேக்கர் உடல் பிடித்துவிடும் தொழில் செய்துவந்தார். திருமணப் பதிவில் பெயர் தவறாக இருக்கிறது, திருத்துங்கள் என்று கேட்டார். அதிகாரிகள் சர்வதேசத் தர அட்டவணையை எடுத்து, அவர் பிறப்புச் சான்றிதழில் இருந்த கிரேக்க எழுத்துகளை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். வந்தது 'ஹ்ரேஸ்தோஸ் கோன்ஸ்தான்தினிதேஸ்'. அட்டவணைப்படி ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. அட்டவணை 'ஏ' என்று எழுதச் சொன்ன உயிர் எழுத்தை இன்றைய கிரேக்கர் 'இ' என்றுதான் உச்சரிக்கிறார் என்பதுதான் அதில் விட்டுப்போன ஒரே விஷயம். இப்படி எழுதினால் என் வாடிக்கையாளர் என்னை வேறு யாரோ என்று நினைப்பார்கள் என்று அவர் சொன்னார். ஐரோப்பிய நீதிமன்றம் 1993 மார்ச்சில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. உச்சரிப்பே திரிந்து, தொழிலுக்கே இடைஞ்சலாகும் அளவுக்கு ஒருவர் பெயரை எழுதக்கூடாது என்றது. நம் துறைமுக எழுத்தருக்கு அட்டவணையும் இல்லை, தரமும் இல்லை. ஆனாலும் நல்ல வேலை பார்த்திருக்கிறார்.

லாத்வியாவில் வேறு கதை. அந்த மொழியில் பெயர்ச்சொல்லுக்குப் பொதுவாக வேற்றுமை ஈறு வேண்டும், எனவே வெளிநாட்டுப் பெயருக்கும் ஈறு ஒட்டுகிறார்கள். ஜார்ஜ் புஷ் அங்கே ஜார்ஜ்ஸ் புஷ்ஸ். மென்ட்சென் என்ற ஜெர்மானியரை மணந்த ஒரு லாத்வியப் பெண்ணின் கடவுச்சீட்டில் 'மென்சேனா' என்று எழுதிவிட்டார்கள். அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயும் 2004-இல் தோற்றார். சிறிய மொழி தன் இலக்கணத்தைக் காக்க நினைப்பதைப் புரிந்துகொள்ளலாம். நாமும் 'ஜேம்ஸு வந்தாரா', 'பீட்டரு எங்கே' என்று உகரம் ஒட்டிப் பேசுகிறவர்கள்தானே. ஆனால் அந்த உகரத்தை நாம் ஜேம்ஸின் கடவுச்சீட்டில் எழுதுவதில்லை.

கடவுச்சீட்டு என்று சொன்னதும் பலர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். அங்கே இன்றும் இரண்டு கட்டங்கள்: குடும்பப் பெயர், கொடுக்கப்பட்ட பெயர். நமக்கு இருப்பது தலைப்பெழுத்து. அதை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால், ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகனை அலுவலகமே அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடும். அவன் மனைவிக்குத் தன் அப்பா பெயர், பிள்ளைக்கு இவன் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர் ஏன் என்று அங்கே பள்ளியில் கேட்பார்கள். கட்டத்தைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். முதற்பெயர் இடத்தில் எஃப்-என்-யு என்று அச்சாகும், முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பெற்றவர்கள் பத்து நாள் யோசித்து வைத்த ஒரே பெயருக்கு இது பரிசு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்க முடியாது என்றே அறிவித்தது.

இங்கே பிள்ளைகளுக்குக் கடவுச்சீட்டு எடுக்கிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நான் சொல்வது இதுதான். கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், ஆனால் அதில் எது போகிறது என்பதை முகவரிடம் விடாதீர்கள். அப்பா பெயர் என்பது வழக்கம், சட்டமல்ல. அம்மா பெயரைப் போடலாம், ஊர்ப் பெயரைப் போடலாம், பிள்ளையின் பெயரையே இரண்டாகப் பிரித்தும் போடலாம். எதைப் போட்டாலும் மூன்று தலைமுறைக்கு அது கூட வரும் என்று எண்ணிப் போடுங்கள். எழுத்துக்கூட்டல் விஷயத்தில், பிள்ளை எந்த ஊர்ப் பள்ளிக்குப் போகப்போகிறதோ அந்த ஊர்க்காரர் ஒருவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு எழுதுங்கள். முன்பே ஒரு ஆவணத்தில் ஏறிவிட்ட எழுத்தை மட்டும் அழகுக்காகத் திருத்தப் போகாதீர்கள். இரண்டு ஆவணம் இரண்டு விதமாக இருந்தால் படும் பாடு என்னவென்று இந்த ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் எந்த வீட்டைக் கேட்டாலும் சொல்வார்கள்; அவர்களில் சிலர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். மீதியை அவர்கள் சொல்லட்டும், ஒலிவாங்கியை அங்கே கொடுங்கள்.